மூன்றாம் வரிசைக்கு ஒரு டிராம்போன்

1

1985 ஆகஸ்ட் 18, ஞாயிறு. புதுச்சேரி, முத்தியால்பேட்டை, மாமனார் வீடு.

காலை ஐந்தேகாலுக்கு எழுந்தேன். ஆறு மணியோடு குழாய் நின்றுவிடும் என்பதால் முதலில் இரண்டு குடம் பிடித்து வைத்துவிட்டுச் சவரம் செய்துகொண்டேன். முதல் பூசைக்குப் போய்வந்து ஆப்பமும் பாயாவும் சாப்பிட்டேன். பிறகு பிரான்சில் இருக்கும் மகள் செசிலுக்கு ஒரு அஞ்சலட்டை எழுதினேன். தமிழில் பேசினால் அவளுக்குப் பாதி புரியும், எழுதினால் ஒன்றும் புரியாது. ஆகவே பிரெஞ்சில் எழுதினேன். பதினாறு வயதாகிவிட்டது, இந்த முறை எங்களோடு வர மறுத்துவிட்டாள். தோழிகளோடு மலைப்பக்கம் முகாமுக்குப் போயிருக்கிறாள்.

சாப்பாட்டுக்கு முன் பீரோவைத் திறந்து விமானச் சீட்டுகளும் கடவுச்சீட்டுகளும் பதிவுச் சான்றும் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்தேன். அந்தப் பதிவுக்காகப் போன செவ்வாயன்று அலுவலகத்தில் நெடுநேரம் வரிசையில் நின்றேன். மேசைக்குப் பின்னால் இருந்தவர், "எந்த முகவரியில தங்கியிருக்கீங்க?" என்றார். சொன்னேன்.

"அது யாரு வீடு?"

"மாமனார் வீடு. அங்கேருந்து ரெண்டு தெரு தள்ளித்தான் நான் பொறந்தேன்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "அத எழுதறதுக்கு இதுல எடமில்ல சார்" என்று சொல்லிவிட்டு, 'வெளிநாட்டவர்' என்ற முத்திரையைக் குத்தினார்.

பிற்பகல் தூங்கினேன். மாலை ஐந்தரைக்கு எங்கள் மாதா கோயில் தேர் புறப்படுவதாக இருந்தது. நான் வாங்கிக் கொடுத்த டிராம்போன் தெருவில் முதன்முதலாக ஒலிக்கப்போவதும் அன்றுதான். அதைக் கேட்கவே விடுப்பை ஆகஸ்டுக்கு மாற்றிக்கொண்டு வந்திருந்தேன்.

2

வாசிப்பவன் என் மனைவி லூர்துவின் தம்பி சவரி. வயது நாற்பத்தொன்று. பஞ்சாலையில் நூற்பு இயந்திரம் பார்க்கிறான். முதல் ஷிப்டு முடிந்து வந்தால் தலையிலும் புருவத்திலும் பஞ்சு இருக்கும். கோயில் பேண்டில் ஊதுவது அவனுக்குத் தொழில் அல்ல. கல்யாணத்துக்கும் சாவுக்கும் கூலிக்குப் போகிற பேண்டு வேறு, எங்கள் கோயில் பேண்டு வேறு. இதில் இருப்பவர்கள் எல்லாரும் மில்லிலோ அச்சகத்திலோ துறைமுகத்திலோ வேலை பார்த்துவிட்டு, திருவிழாவுக்கும் பெரிய வெள்ளிக்கும் பாஸ்காவுக்கும் மட்டும் ஊதுகிறவர்கள்.

1962இல், ஊர்க்காரர்கள் பிரான்சா இந்தியாவா என்று தேர்ந்துகொள்ளலாம் என்றபோது, நான் பிரெஞ்சுக் குடியுரிமைக்குக் கையெழுத்துப் போட்டேன். மாமனார் வீட்டில் யாரும் போடவில்லை. ஆறு வருடம் கழித்து நானும் லூர்துவும் கப்பலேறினோம். சவரி மில்லில் சேர்ந்தான். எங்கள் குடும்பத்தின் கதை அவ்வளவுதான்.

பேண்டில் அவன் வைத்திருந்தது கோயிலுக்குச் சொந்தமான பழைய டிராம்போன். டிராம்போனில் இரண்டு விதம் உண்டு. ஒன்றில் விரலால் அழுத்தும் மூன்று கட்டைகள் இருக்கும். ஊரில் அதை இன்றும் பிரெஞ்சுச் சொல்லால் 'பிஸ்தோன்' என்பார்கள். மற்றதில் கட்டை கிடையாது. நீளமான குழாய் ஒன்றை வலது கையால் முன்னே தள்ளியும் பின்னே இழுத்தும் சுரம் மாற்ற வேண்டும். அந்தக் குழாய்க்கு ஸ்லைடு என்று பெயர். படங்களில் பார்க்கும் டிராம்போன் இதுதான். சவரியினுடையது பிஸ்தோன். உப்புக் காற்றில் கட்டைகள் இறுகி, ஒரு நாள் கீழே போனது மேலே வரவில்லை. இங்கே எவராலும் அதைச் சரிசெய்ய முடியவில்லை.

இரண்டு வருடத்துக்கு முன் நாங்கள் வந்திருந்தபோது நடந்த தேர்பவனியில் சவரி கையில் மெழுகுவர்த்தியோடு பேண்டுக்குப் பக்கவாட்டில் நடந்தான். இடது கை மெழுகுவர்த்தியைப் பிடித்திருக்க, வலது கையின் மூன்று விரல்கள் தொடையில் தாளம் தவறாமல் அழுந்திக்கொண்டிருந்தன. அவனுக்கே தெரியாமல் நடந்தது அது. லூர்து அதைப் பார்த்துவிட்டு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

நாங்கள் புறப்படும் நாளில் பெட்டியைக் கட்டிக்கொண்டே அவன் கேட்டான்.

"மாமா, அங்க ஒரு டிராம்போன் கெடைக்குமா? பிஸ்தோன் வச்சது கெடச்சா பாருங்க. இல்லன்னா எதுவா இருந்தாலும் சரி. நான் பழகிக்குவேன்."

என்னிடம் அவன் எதையும் கேட்டதில்லை. இத்தனை வருடத்தில் இது ஒன்றைத்தான் கேட்டான்.

3

நான் பாரிஸுக்கு வடக்கே ஒரு புறநகர்ப் பகுதியில், மருத்துவமனை ஒன்றின் பண்டகசாலையில் எழுத்தராக இருக்கிறேன். எந்தப் பொருளையும் விசாரிக்காமல் வாங்குவதில்லை. இதற்கும் அப்படித்தான். செசில் நகராட்சி இசைப்பள்ளியில் கிளாரினெட் படிக்கிறாள். அவளுடைய ஆசிரியர் சொன்ன கடைக்கு ஒரு சனிக்கிழமை மூவரும் போனோம்.

கடைக்காரர் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவைத்திருந்த நிதானமான மனிதர். உடனே எதையும் எடுத்துக் காட்டவில்லை. முதலில் கேள்விகள் கேட்டார். வாசிப்பவருக்கு என்ன வயது? முன்பற்கள் இருக்கின்றனவா? எத்தனை வருடமாக ஊதுகிறார்? கை நீளம் எவ்வளவு? கடைசிக் கேள்விக்கு நான் திகைத்தேன். லூர்து கைப்பையிலிருந்து தையல் நாடாவை எடுத்தாள். தம்பிக்கு வருடா வருடம் முழுக்கைச் சட்டை தைத்து அனுப்புகிறவள் அவள். நாடாவில் ஒரு இடத்தை நகத்தால் அழுத்திக் காட்டினாள். கடைக்காரர் சிரித்து, "போதும், கடைசி நிலை வரை எட்டும்" என்றார்.

நான் பிரெஞ்சில் பேசும்போது பெண்பால் ஆண்பால் இரண்டு இடத்தில் தவறியது. செசில் கூரையைப் பார்த்துக்கொண்டே, எனக்கு மட்டும் கேட்கும்படி இரண்டையும் திருத்தினாள்.

தொழிலாக வாசிக்காதவருக்கு எது பொருந்தும் என்று அவர் சொன்னதை வீட்டுக்கு வந்ததும் எழுதிவைத்தேன். குழாயின் உட்துளை குறுகலாக இருக்க வேண்டும். அகன்ற துளை முழு மூச்சைக் கேட்கும். நாள் முழுக்க உழைத்துவிட்டு வருகிறவருக்கு அந்த மூச்சு மிச்சமிருக்காது. ஊதுவாய் அவர் பழகிய அளவுக்குப் பக்கத்தில் இருப்பது நல்லது. இல்லாவிட்டால் உதடு புதிதாகப் பிறக்க வேண்டும். கட்டைவிரலால் திருப்பும் கூடுதல் குழாய் வேண்டாம். பழுதானால் உங்கள் ஊரில் யார் பார்ப்பார்கள்? கடற்கரை ஊர் என்றால் வெள்ளிப்பூச்சைவிட அரக்குப் பூச்சு மேல். அப்புறம் ஒரு கருவியை எடுத்து, ஸ்லைடின் பூட்டை விடுவித்து, அதை நேராகக் கீழ்நோக்கிப் பிடித்தார். குழாய் தன் எடையிலேயே, எங்கும் தடுக்காமல், எண்ணெய் வழிவதுபோல் இறங்கியது. அடியில் விழும் முன் கையால் ஏந்திக்கொண்டார். "இதைப் பார்க்காமல் டிராம்போன் வாங்கக் கூடாது" என்றார்.

அவர் விட்டுவிட்ட கேள்வி எதுவும் இல்லை. "உட்கார்ந்து வாசிப்பாரா, நடந்தா?" என்றும் கேட்டார்.

"நடந்து. தெருவில், தேருக்கு முன்னால்."

"அகலமான தெருவா?"

"இல்லை. சிறிய தெருக்கள்தான்."

அவர் ஏணியில் ஏறி மேல் தட்டிலிருந்து இன்னொன்றை இறக்கினார். பிஸ்தோன் வைத்தது. பழையது. மணியைப்போல் விரிந்த அதன் வாயில் ஒரு நெளிவு இருந்தது. "சின்னத் தெருக்களில் நடக்கிற கிராமத்து பேண்டுகள் இதைத்தான் கேட்பார்கள். ஒலி கொஞ்சம் மட்டம். ஆனால் எந்த வரிசையிலும் நிற்கலாம். ஸ்லைடு என்றால் எப்போதும் முன்வரிசைதான். கை நீட்ட இடம் வேண்டுமே."

நான் லூர்துவுக்குத் தமிழில் சொன்னேன்: "இந்தப் புதுசு வாங்கினா நம்ம சவரி முன்வரிசையில நிப்பானாம்."

அவள் முகம் மலர்ந்தது. "அப்ப இதையே வாங்குங்க. நெளிஞ்சத எடுத்துட்டுப் போனா ஊர்ல சும்மா இருப்பாங்களா? பதினாறு வருஷம் பிரான்சுல இருந்துட்டு எடைக்குப் போடறத கொண்டாந்திருக்காங்கன்னு சிரிப்பாங்க."

செசிலிடம் கேட்டேன். அவள் இரண்டையும் கடைக்காரரை ஊதச் சொல்லிக் கேட்டாள். "புதுசு" என்று ஒரே சொல்லில் முடித்தாள். அவள் சொன்னதும் சரி. ஒலியைப் பொறுத்தவரை ஒப்பிடவே முடியாது.

புதியதையே வாங்கினோம். ஸ்லைடுக்குத் தடவும் களிம்பும் சிறு தண்ணீர்த் தெளிப்பானும் கூட வந்தன. ஜனவரியில் ஊருக்குப் போன உறவினர் ஒருவர் அதை மடியில் வைத்தபடியே கொண்டுபோய்ச் சேர்த்தார்.

4

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். செசிலின் இசைப்பள்ளியிலும் ஒரு குழு இருக்கிறது. வருடத்தில் ஒருமுறை கிளாரினெட்காரர்கள் ஒவ்வொருவராக எல்லார் முன்னிலையிலும் வாசிக்க வேண்டும். யார் நன்றாக வாசிக்கிறாரோ அவருக்கு முதல் நாற்காலி. போன வருடம் செசில், ஐம்பது வயதுப் பெண்மணி ஒருவரின் நாற்காலியைப் பெற்றாள். நான் அந்தப் பெண்மணியின் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவரோ எழுந்துவந்து என் மகளின் இரு கன்னத்திலும் முத்தமிட்டு, தன் தாள்களை எடுத்துக்கொண்டு பின்னால் போய் உட்கார்ந்து, பக்கத்தில் இருந்தவரிடம் வானிலை பற்றிப் பேசினார். அன்று இரவு செசிலிடம், "அவங்களுக்கு வருத்தமா இருக்காதா?" என்று கேட்டேன்.

"எதுக்கு?" என்றாள் அவள்.

முதலில் எனக்கு அது கூசியது. பிறகு பழகியது. பிறகு அதுதான் நியாயம் என்று தோன்றத் தொடங்கியது. முன்னால் இருப்பது நல்லது, அதை அடைந்தவனுக்கு அது உரியது. இப்படி மாறிக்கொண்டிருந்தேன் என்பது எனக்கே தெரியாது. ஒரு மனிதன் சொந்த ஊரின் மொழியை மறந்தால் பிறர் சொல்லிக் காட்டுவார்கள். ஊர் வரிசையில் நிற்கும் முறையை மறந்தால் யாரும் சொல்வதில்லை.

எங்கள் கோயில் பேண்டில் ஒரு வரிசைக்கு நான்கு பேர், நான்கு வரிசை. டிரம்கள் கடைசியில். புதிதாகச் சேருகிறவர் நான்காம் வரிசையில் நிற்பார். முன்னால் இருப்பவர் இறந்தாலோ, இனி ஊத முடியாது என்று தானே ஒதுங்கினாலோதான் அவர் ஓர் இடம் முன்னே நகர முடியும். எவ்வளவு நன்றாக ஊதினாலும் வேறு வழியில்லை. முன்வரிசைக்காரர் இறந்துபோனால், அந்த ஒரு திருவிழாவுக்கு மட்டும் அவருடைய இடத்தைக் காலியாக விட்டு நடப்பார்கள். அடுத்த திருவிழாவில் பின்னாலிருப்பவர் அங்கே வருவார். ஆகவே உயிரோடு இருக்கும் ஒருவரை முன்னாலிருந்து பின்னால் அனுப்பினால், அவர் கணக்கு முடிந்தது என்று தெருவுக்கே அறிவித்ததாக ஆகும்.

இதெல்லாம் எனக்குத் தெரியாததா? இதே தெருக்களில் வளர்ந்தவன்தான். அந்தக் கடையில், ஏணிக்குக் கீழே நின்றபோது, ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை.

5

சவரி ஏழு மாதத்தில் ஸ்லைடைப் பழகியிருந்தான். விரலுக்குப் பழகியவன் கைக்கு மாறுவது எளிதல்ல. கட்டையை அழுத்தினால் சுரம் தானே வரும். ஸ்லைடில் ஒரு விரற்கடை தவறினாலும் அபசுரம்தான். அவன் காதை வைத்தே ஒவ்வொரு நிலையையும் கண்டுபிடித்திருந்தான். "மூணாவது எடம் மணி வாய்க்கு இப்பால, நாலாவது அப்பால. அப்புறம் எல்லாம் தோள்பட்ட சொல்லும் மாமா" என்றான். நான் வந்த மறுநாள், வீட்டின் பின்கட்டில் மாதா பாட்டொன்றை முழுதாக வாசித்துக் காட்டினான். இறுதியில் ஒரு நீண்ட சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு அப்படியே வழுக்கி இறங்கினான். அந்த இறக்கத்தைப் பிஸ்தோனில் செய்ய முடியாது. பக்கத்து வீட்டுக்காரர்கள் பாத்திரம் கழுவுவதை நிறுத்தினார்கள்.

வரிசையைப் பற்றி அவன் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை மாலை பள்ளிக்கூட முற்றத்தில் ஒத்திகை. வாங்கிக் கொடுத்தவன் என்ற உரிமையில் நானும் போய் வேப்பமரத்தடியில் நின்றேன். சவரி தன் வழக்கமான இடத்தில், மூன்றாம் வரிசையின் வலது ஓரத்தில் நின்றான். பேண்டு மாஸ்டர் கப்ரியேல் கையை உயர்த்தினார். நாலடி நடப்பதற்குள் ஸ்லைடு இரண்டாம் வரிசைக்காரரின் முதுகில் இடித்தது.

பெரிய டிரம் அடிக்கும் இன்னாசி பின்னாலிருந்து கத்தினார். "முதுகு சொறியறதுக்குப் பிரான்சுலேருந்து குச்சி வந்திருக்குது பாருங்கடா!"

எல்லாரும் சிரித்தார்கள். சவரியும் சிரித்தான். இரண்டு வரிசைக்கும் நடுவே இடம் விட்டுப் பார்த்தார்கள். தெருவில் தேர் பின்னால் நெருக்கும்போது அந்த இடைவெளி நிற்காது என்றார் மாஸ்டர். ஸ்லைடைப் பக்கவாட்டில் சாய்த்துப் பார்த்தான். சனங்கள் நிற்கும் பக்கம் போய் முட்டும். நான்காம் வரிசைக்குப் போனால் மூன்றாம் வரிசை முதுகு. இன்னாசி விடவில்லை. "டேய் சவரி, தேர் மேல ஏறி மாதா பக்கத்துல நின்னு ஊதுடா. அங்கதான் எடம் இருக்குது."

கடைசியில் மாஸ்டர், "முன்வரிசைதான், வேற வழியில்ல" என்றார்.

முன்வரிசையின் வலது ஓரத்தில் கார்னெட் என்ற சிறு எக்காளம் வைத்திருந்தவர் சந்தியாகு. வயது எழுபதை ஒட்டி. அச்சகத்தில் எழுத்துக் கோத்தவர். அவர் கால் எடுத்து வைப்பதைப் பார்த்துத்தான் மற்றவர்கள் நடப்பார்கள். இரண்டு வருடமாக உயர்ந்த சுரங்களில் அவர் உதடு நடுங்குகிறது என்பது எல்லாருக்கும் தெரியும், யாரும் சொன்னதில்லை. மாஸ்டர் அவர் பக்கம் திரும்பாமல், கையிலிருந்த தாளைப் பார்த்தபடி பேசினார். "சந்தியாகு அண்ணன் இந்த ஒரு வாட்டி மூணாவதுல நடக்கட்டும். பின்னால நடந்தா அவருக்கும் சொகமா இருக்கும்."

"தாராளமா" என்றார் சந்தியாகு. கார்னெட்டைக் கவிழ்த்து எச்சில் நீரை வடித்தார். "எங்க நின்னு ஊதினாலும் மாதாவுக்குக் கேக்கும்."

சவரி சொன்னான்: "நான் முன்ன வரமாட்டேன் மாஸ்டர்."

"அப்பறம் எதுக்குடா இத வாங்கினே?"

சவரி ஸ்லைடைப் பூட்டினான். என் பக்கம் பார்க்காமல் இருப்பதற்கு அவன் பாடுபட்டது தெரிந்தது.

6

ஞாயிறு மாலை தேர் சொன்னபடி ஐந்தரைக்குப் புறப்பட்டது. கோயில் வாசலில் முன்வரிசை நால்வருக்கும் மாலை போட்டார்கள். சந்தியாகு அவருடைய இடத்திலேயே நின்றார். சவரி மூன்றாம் வரிசையில் நின்றான். ஸ்லைடு பூட்டியே இருந்தது.

பாட்டு தொடங்கியது. முதலில் எனக்கு விளங்கவில்லை. டிராம்போன் ஒலித்தது, நின்றது, மூன்று சுரம் கழித்து மறுபடி ஒலித்தது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு வரிசைக்குப் பக்கமாகப் போய்ப் பார்த்தேன். அவன் ஸ்லைடை நீட்டவேயில்லை. குழாய் மூடியிருக்கும்போது உதட்டை இறுக்கியும் தளர்த்தியும் மட்டும் சில சுரங்களை எடுக்க முடியும். பாட்டில் அந்தச் சுரங்கள் வரும் இடத்தில் மட்டும் ஊதினான். மற்ற இடங்களில் ஊதுவாயை உதட்டிலேயே வைத்துக்கொண்டு, மூச்சை அடக்கியபடி கால் மாற்றி நடந்தான். ஏழு மாதம் தோள்பட்டை கற்ற அத்தனையையும் அவன் அந்தப் பூட்டுக்குள் வைத்துவிட்டான்.

நல்ல கருவி. ஆகவே கிடைத்த அந்தச் சில சுரங்களும் கணீரென்று விழுந்தன. அதனாலேயே இடையில் இருந்த ஓட்டைகள் பெரிதாகக் கேட்டன.

சந்தியாகுவுக்குக் கேட்காமல் இருக்குமா? இரண்டாவது தெரு முனையில், மெழுகுவர்த்தி வைப்பவர்களுக்காகத் தேர் நின்றது. பேண்டும் நின்றது. அவர் வரிசையை விட்டு வெளியே வந்து மூன்றாம் வரிசைக்கு நடந்தார்.

"போடா முன்ன."

"மாட்டேன் அண்ணே."

"பாட்ட கொத்திக் கொத்திப் போடறியே, கோழி மாதிரி. போய் கைய நீட்டி ஊது."

"நீங்க போங்கண்ணே. தேர் கெளம்பப் போவுது."

"நான் போகல. எனக்குக் கால் வலிக்குது."

அவருக்குக் கால் வலி இல்லை என்பது அங்கிருந்த எல்லாருக்கும் தெரியும். கழுத்து மாலையைக் கழற்றிச் சவரியின் தோளில் போட்டுவிட்டு, டிரம்களுக்குப் பின்னால் போய், கார்னெட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு நின்றார். மாஸ்டர் சவரிக்குக் கை காட்டினார். சவரி தரையைப் பார்த்தான். மறுபடியும் காட்டினார். தேர் அசைந்தது, பேண்டு நடந்தாக வேண்டும், நடந்தது. முன்வரிசையில் மூன்று பேர். வலது ஓரத்தில் ஆளில்லை.

அப்படியே நான்கு தெரு. வாசல்களில் நின்றவர்கள் முதலில் அந்த இடத்தைப் பார்த்தார்கள், பிறகு ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஒரு வீட்டு வாசலில், இடுப்பில் குழந்தையோடு நின்ற பெண் கேட்டாள்: "முன்வரிசையில யாரு தவறிட்டாங்க? நமக்குத் தெரியவேயில்லையே!"

பக்கத்தில் நின்றவள் சிலுவை போட்டுக்கொண்டாள். "அந்த ஓரம் சந்தியாகு எடமாச்சே. ஐயோ பாவம்."

அவர்கள் இதைச் சொல்லி முடிக்கும்போது டிரம்கள் அந்த வாசலைக் கடந்தன. பின்னாலேயே சந்தியாகு வந்தார். அந்தப் பெண்கள் அவரைப் பார்த்தார்கள். அவர் அவர்களுக்குத் தலையசைத்துவிட்டு நடந்தார். நான் அவருக்குப் பக்கத்தில்தான் நடந்துகொண்டிருந்தேன். ஏதாவது சொல்ல வேண்டும் என்று நினைத்தேன்.

அவரே பேசினார். "கருவி நல்ல கருவிதான் தம்பி. நல்லாப் பாத்து வாங்கியிருக்கீங்க."

7

வீட்டில் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது லூர்துதான் ஆரம்பித்தாள்.

"அவரே போன்னு சொன்னாரில்ல? போய் நின்னிருக்கலாமே. வெறும் எடமாத்தானே கெடந்துச்சி?"

"வெறும் எடமா? ஆளு உயிரோட பின்னால நடந்து வராரு அக்கா."

"அவரு மனசார குடுத்தாரு."

"அதனாலதான் எடுக்க முடியல" என்றான் சவரி. சோற்றைப் பிசைந்துகொண்டேயிருந்தான், வாயில் வைக்கவில்லை.

நான், திரும்பிப் போனதும் அந்தக் கடையில் பேசி, இதைக் கொடுத்துவிட்டுப் பிஸ்தோன் வைத்தது ஒன்றை மாற்றி அனுப்புகிறேன் என்றேன். அவன் எழுந்து கை கழுவிவிட்டு வந்தான்.

"அனுப்புங்க மாமா. ஊதறேன். ஆனா இன்னிக்கு அந்தத் தெரு பாத்தத மாத்த முடியாதில்ல? கருவி மேல ஒரு குத்தமும் இல்ல. உங்க மேலயும் இல்ல. நான்தான் எதுவா இருந்தாலும் சரின்னு சொன்னேன்."

இதை அவன் என்னை ஆற்றுவதற்காகச் சொன்னான். அவனை நான் ஆற்ற வேண்டிய இடத்தில் அவன் என்னை ஆற்றினான். பல வருடம் வெளியே இருந்துவிட்டு வருகிறவர்களிடம் ஊரில் எல்லாரும் இப்படித்தான் பேசுகிறார்கள். விருந்தாளியிடம் பேசுவதுபோல, நோகாமல். கப்ரியேல் மாஸ்டர் அன்று என்னைத் திட்டியிருந்தால், இன்னாசி என்னைக் கேலி செய்திருந்தால், எனக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும். யாரும் செய்யவில்லை.

திங்கள் காலை திருவிழாக் கொடியிறக்கம். அதற்கு வரிசை கிடையாது. கொடிமரத்தைச் சுற்றி வட்டமாக நின்று வாசிப்பார்கள். ஸ்லைடை எவ்வளவு வேண்டுமானாலும் நீட்டலாம். விடியும் முன் சவரி குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, டிராம்போன் பெட்டியை எடுத்துக்கொண்டான். நானும் கிளம்பினேன். ஆனால் அவன் கோயில் பக்கம் திரும்பாமல் எதிர்ப்பக்கம் நடந்தான். அன்று காலை நாங்கள் முதலில் போய் நின்றது சந்தியாகு வீட்டு வாசலில்.

கதவு சாத்தியிருந்தது. சவரி கூப்பிட்டான். மருமகள் பாதிக் கதவைத் திறந்து, ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "மாமா தூங்கறாங்க. கார்னெட்ட நேத்தே மாஸ்டர்கிட்ட குடுத்துட்டு வந்துட்டாங்க. இனிமே கூப்பிட வேணாம்னு சொல்லச் சொன்னாங்க."

உள்ளே யாரோ இருமினார்கள். தூங்குகிறவரின் இருமல் அல்ல அது. மருமகள் எங்களைப் பார்த்தாள், உள்ளே பார்த்தாள், கதவைச் சாத்தாமலேயே அடுக்களைக்குப் போய்விட்டாள்.

கோயிலில் முதல் மணி அடித்தது. வட்டத்தில் ஆட்கள் சேரும் நேரம். சவரி பெட்டியை என் கையில் கொடுத்தான். திறந்திருந்த பாதிக் கதவுக்கு அருகே போய், நிலைப்படியில் கை வைத்து, மறுபடியும் கூப்பிட்டான்.

"அண்ணே. சவரி வந்திருக்கேன். எழுந்து வாங்கண்ணே."